தேர்வுத் தமிழும் வீட்டுத் தமிழும்

"இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்று நினைக்கும் பெற்றோரைப் பற்றி ஒரு கட்டுரையில் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் சிங்கப்பூரில் வளர்ந்தவள். இங்கே 1966-இல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமானது. 1987-க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. தமிழ் ஒரு பாடமாக நின்றது. சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) நோட்டிலும் ரயில் நிலையத்திலும் தமிழ் உண்டு. இருந்தும் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32-இலிருந்து 48-க்கு ஏறிவிட்டது. ஆக, சட்டமும் பாடநூலும் மட்டும் போதவில்லை.

என் மகன் தமிழில் எப்போதும் நல்ல மதிப்பெண். கட்டுரையில் "மழை பொழிந்தது" என்று அழகாக எழுதுவான். என் அம்மா "மழை பேயுது, துணிய எடுடா" என்றால் திருதிருவென விழிப்பான். அந்த முழிதான் என்னை உலுக்கியது. பாட்டியின் குரலே புரியாத பிள்ளைக்குத் தமிழ் வெறும் தேர்வுத்தாள்தானே? 2005-இல் பள்ளித் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த பிறகு பேச்சுத்தமிழுக்கும் வகுப்பில் இடம் கொடுத்தார்கள். மிகச் சரியான முடிவு, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டின்போது தமிழ் மட்டும் என்று வீட்டில் வைத்தோம். முதல் சில மாதங்கள் அவன் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னான். நாங்கள் திட்டவில்லை, தமிழிலேயே தொடர்ந்தோம். அவன் ஆங்கிலம் கொஞ்சமும் குறையவில்லை. இப்போது பாட்டியோடு சண்டை போடுவதும் தமிழில், சமாதானம் ஆவதும் தமிழில்.