வேலை கற்றுக்கொடுக்கத் தகுதி உண்டு, பதவிக்குத்தான் இல்லையாம்

கடைக்குப் புதிய மேனேஜராக வெளியிலிருந்து ஒருவரை எடுத்திருப்பதாக வந்த அறிவிப்பைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். எந்தக் கிளை, யார் வந்திருக்கிறார் என்பதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த மெமோ எனக்குத்தான். ஆனால் அதன் கடைசி வரியை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. புதிய மேனேஜருக்குக் கடை பழகும்வரை மூத்த சூப்பர்வைசர் கூடவே இருந்து உதவுவாராம். அந்த மூத்த சூப்பர்வைசர் யார்? அதே பதவிக்கு விண்ணப்பித்து, "இன்னும் கொஞ்சம் அனுபவம் வரட்டும்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அவருக்கு அனுபவம் போதாது. அனுபவம் உள்ளவருக்கு வேலை கற்றுக்கொடுக்க மட்டும் அவர் போதும். என்ன கணக்கோ!

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மேனேஜர் இடம் காலியானால் முதலில் கடைக்குள்ளே பாருங்கள். உள்ளே ஒருவரும் தேறவில்லை என்றால் தாராளமாக வெளியே போங்கள். இங்கே நடப்பது தலைகீழ். வெளியே ஒருவரை முடிவு செய்துவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு ஒப்புக்கு ஒரு இன்டர்வியூ.

நாங்கள் எல்லோரும் 'அக்கா' என்று கூப்பிடும் அந்த சூப்பர்வைசரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். போன முறை ஸ்டாக் எடுத்தபோது ஒரு பொருள் கம்ப்யூட்டரில் இருப்பு காட்டுகிறது, ஷெல்ஃபில் ஒன்றுகூட இல்லை. ஆடிட்டுக்கு வந்தவர் 'திருட்டு' என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். அக்கா ஒன்றும் பேசாமல் குடோனுக்குப் போய், ரிட்டர்ன் வந்த அட்டைப்பெட்டிகளில் அடியில் இருந்ததை இழுத்தார். பெட்டியில் வேறு அளவின் பார்கோடு ஒட்டியிருந்தது. சப்ளையர் ஸ்டிக்கர் மாற்றி ஒட்டி அனுப்பும் வழக்கம் அவருக்குத் தெரியும். எந்த கேமராவுக்கு எந்த மூலை தெரியாது, எந்தப் பையனை சாயங்கால ஷிஃப்டில் பில்லிங்கில் போடக்கூடாது, எந்த வாடிக்கையாளர் கத்தினாலும் கடைசியில் வாங்கிக்கொண்டுதான் போவார், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. இது பவர்பாயிண்டில் வராது. இன்டர்வியூவில் இதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். "ஐந்து வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்" என்று கேட்டார்களாம். வேறு எங்கே பார்ப்பார், இதே பில்லிங் கவுண்டருக்குப் பின்னால்தான்.

"கடைப் பையன்கள் கடைப் பையன்களாகவே இருப்பார்கள், நிர்வாகம் வேறு" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்து பாடம் எடுத்தார். அவருக்காக: அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடை நிறுவனமான வால்மார்ட்டில் 2014இல் தலைமைச் செயல் அதிகாரியான டக் மெக்மில்லன் 1984இல் அதே நிறுவனத்தின் கிடங்கில் லாரியிலிருந்து சரக்கு இறக்கியவர். அங்கேயே இன்னொரு பெரிய கடை நிறுவனமான காஸ்ட்கோவின் தலைமைக்கு 2024இல் வந்த ரான் வாக்ரிஸ் தொடக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். சரி, இவர்கள் லட்சத்தில் ஒருவர் என்பீர்கள். வால்மார்ட் தானே சொல்லும் கணக்குப்படி அதன் கடை நிர்வாகத்தில் இருப்பவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் மணிக்கூலி வேலையில் சேர்ந்தவர்கள். முக்கால்வாசி! அந்த நிறுவனத்தின் மேல் ஆயிரம் விமர்சனம் இருக்கட்டும், இந்த விஷயத்தில் நம் ஆட்களைவிட அவர்களுக்கு விவரம் இருக்கிறது.

வெளி ஆளை எடுப்பது மலிவும் இல்லை. அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளிப் பேராசிரியர் மேத்யூ பிட்வெல் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வெளியிலிருந்து வந்தவர்களுக்கு, அதே வேலைக்கு உள்ளிருந்து உயர்ந்தவர்களைவிடச் சுமார் 18 சதவீதம் அதிகச் சம்பளம். முதல் இரண்டு வருஷம் வேலை மதிப்பீட்டிலோ அவர்கள் பின்தங்கித்தான் இருந்தார்கள். "அது முதலீட்டு வங்கியில் நடந்த ஆய்வு, கடைக்கு எப்படிப் பொருந்தும்" என்று உடனே பிடிப்பீர்கள், தெரியும். கோப்புகளை வைத்து நடக்கும் வேலையிலேயே பழக இரண்டு வருஷம் என்றால், நூறு விதமான சரக்கும் ஆளும் வந்துபோகும் இடத்தில் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடை நிறுவனத்தின் கதை தெரியாதவர்களுக்கு: ஆப்பிள் கடைகளை நடத்திப் பேர் வாங்கிய ரான் ஜான்சனை 2011 நவம்பரில் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். கூப்பனையும் தள்ளுபடியையும் அவர் ஒரேயடியாகத் தூக்கினார். அந்தக் கடைக்கு வருபவர்கள் கூப்பனுக்காகத்தான் வருகிறார்கள் என்பது பில்லிங்கில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். 2012ஆம் நிதியாண்டில் விற்பனை கால்வாசி சரிந்தது. 2013 ஏப்ரலில் ஆளை அனுப்பிவிட்டார்கள். திறமை இல்லாதவரா? இல்லை. வேறொரு கடையின் திறமை.

"அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடை நிறுவனமான பெஸ்ட் பையை ஹூபெர்ட் ஜோலி காப்பாற்றவில்லையா, அவரும் வெளி ஆள்தானே" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 2012இல் பொறுப்பேற்றதும் அவர் என்ன செய்தார்? ஊழியர்கள் போடும் அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, 'பயிற்சியில் இருக்கும் சி.இ.ஓ.' என்று பேட்ஜ் குத்திக்கொண்டு, ஒரு கடையில் போய் நின்றார். நம்மிடம் வந்தவர் முதல் நாள் செய்தது என்ன தெரியுமா? தன் கேபினில் ஏ.சி. போதவில்லை என்று புகார் டிக்கெட் போட்டார். அப்புறம் வாட்ஸ்அப் குரூப்பின் பெயரை மாற்றினார்.

நன்றாக விற்பவர் எல்லாம் நல்ல மேனேஜர் ஆகிவிட மாட்டார், அதை நான் மறுக்கவில்லை. விற்பனைப் பிரிவுகளை வைத்து நடந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு அதைத்தான் சொல்கிறது: நிறைய விற்றவர்களையே மேலே ஏற்றினார்கள், அவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்களின் விற்பனை குறைந்தது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. மற்றவர்களோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்கள் மேனேஜராகவும் நன்றாகவே செய்தார்கள். அப்படியென்றால் உள்ளே ஆள் எடுக்காதே என்றா அர்த்தம்? டார்கெட் அடித்தவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் புதுப் பெண்ணுக்கு ரிட்டர்ன் போடச் சொல்லித்தந்தவரைப் பார் என்று அர்த்தம். அப்படிப் பார்த்தாலும் அக்காதான் வருகிறார்.

வெளியிலிருந்து 'புதிய ரத்தம்' வேண்டும் என்று ஒரு வாதம் வேறு. இருக்கிற ரத்தத்தை எல்லாம் ஓவர்டைமில் உறிஞ்சிவிட்டுப் புதிய ரத்தம் தேடுகிறார்கள். அக்காவுக்கு டிகிரி இல்லை என்பதற்கு நான் பதிலே சொல்லப் போவதில்லை. டிகிரி இல்லாமல்தான் இத்தனை வருஷம் சாவி அவர் கையில் இருந்தது.

எனக்கும் இது நடந்திருக்கிறது என்பது பழைய நண்பர்களுக்குத் தெரியும். வேறு நிறுவனம், வேறு காலம். எனக்குப் பதில் வந்தவரை வரவேற்கப் பூங்கொத்து வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கினேன். பில்லை என் பெயரில் போட்டு, காசு திரும்ப வர மாசக்கணக்கில் அலைந்தேன். அந்தப் பதவி கிடைக்காததைக்கூட மறந்துவிட்டேன், அந்த பில் இன்னும் உறுத்துகிறது. "பொறாமையில் எழுதுகிறீர்கள்" என்று யாரோ சொல்லத்தான் போகிறார்கள். இருக்கட்டும். கேட்டது கிடைக்காதவன் பேசினால் பொறாமை, கிடைத்தவன் பேசினால் தலைமைப் பண்பு. இந்த அகராதி எங்களுக்கு மனப்பாடம்.

எனக்குப் பயம் அக்காவைப் பற்றிக்கூட இல்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார். பில்லிங்கில் ஒரு பையன் இருக்கிறான், படு சுறுசுறுப்பு, சொல்லாமலே குடோனை அடுக்கி வைப்பான். அறிவிப்பு ஒட்டிய அன்று அதைப் படித்துவிட்டு என்னிடம், "அப்போ நாம எவ்வளவு செஞ்சாலும் இவ்வளவுதானா அண்ணே?" என்றான். என்னிடம் பதில் இல்லை. இப்போது இடைவேளையில் மொபைலில் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். அவன் போனதும் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிறுவனத்தின் மேல் விசுவாசமே இல்லை" என்று மீட்டிங்கில் பேசுவார்கள் பாருங்கள்.

ஹெச்.ஆரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு, படிக்கிறீர்கள் என்று தெரியும்: அக்காவுக்கு ஏன் இல்லை என்பதை எழுத்தில் கொடுங்கள். என்ன குறை, அதைச் சரிசெய்ய எந்தப் பயிற்சி, எப்போது. புதியவருக்கு அவர் கற்றுத்தரும் நாட்களுக்குப் பயிற்சியாளர் படியும் சேர்த்துப் போடுங்கள். அதுவரை கடை சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்று அவர் நேற்றே மெயில் போட்டுக் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.