கைதட்டியவர்களுக்குத்தான் இந்தப் பதிவு

அந்த மேடைப் பேச்சைப் பற்றி எழுதவே கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனைப் பற்றிய கூட்டத்திலேயே, "கதைப்படம் எடுக்க வராதவர்கள்தான் ஆவணப்படத்துக்குப் போவார்கள்" என்று ஒருவர் சொல்கிறார், அரங்கம் கைதட்டுகிறது. பேசியவரை விடுங்கள். கைதட்டியவர்களில் பலர் எனக்குத் தெரிந்தவர்கள். அதுதான் வலிக்கிறது.

எதற்குக் கைதட்டினீர்கள்? அயோத்தியில் பாபர் மசூதி இருந்த இடத்தில் ராமர் கோயில் கட்ட நடந்த இயக்கத்தைப் பற்றி அவர் எடுத்த 'ராம் கே நாம்' தேசிய விருது வாங்கிய படம். ஆனாலும் தூர்தர்ஷனில் வர நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 'வார் அண்ட் பீஸ்' படத்தில் 21 இடங்களில் வெட்டச் சொன்னது தணிக்கை வாரியம். பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய், ஒரு வெட்டும் இல்லாமல் வெளியே கொண்டுவந்தார். 2018இல் 'விவேக்' ஆம்ஸ்டர்டாம் விழாவில் சிறந்த ஆவணப்பட விருது வாங்கியது. மறு வருடம் கேரள விழாவில் அதைத் திரையிட மறுபடியும் உயர் நீதிமன்றம். எடுத்த படத்தைக் காட்டுவதற்கே பாதி வாழ்க்கையைக் கொடுத்தவரைப் பார்த்து, "சினிமா எடுக்க வராதவர்" என்கிறீர்கள்.

"ஒருபக்கச் சார்பாக எடுப்பவர்தானே?" என்று கேட்பீர்கள், தெரியும். 'ராம் கே நாம்' பார்த்துவிட்டுக் கேளுங்கள். கோயில் கட்டப் போன கரசேவகர்கள் தங்கள் நியாயத்தைத் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள், கேமரா பொறுமையாகக் கேட்கிறது. அதே படத்தில் அயோத்திக் கோயிலின் பூசாரி லால்தாஸ் வருகிறார். கோபமே இல்லாமல், இது பக்தி இல்லை, ஓட்டுக்கும் பணத்துக்கும் நடக்கிற வேலை என்று விளக்குகிறார். படம் வந்தது 1992இல். அடுத்த வருடம் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த முகமும் குரலும் இன்று நம்மிடம் இருப்பதற்குக் காரணம் அந்தக் கேமராதான். இதைச் சார்பு என்றால் சார்பாகவே இருக்கட்டும்.

"அவர் படம் மூணு மணி நேரத்துக்கு மேல ஓடுதே" என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அப்படி ஓடுகிற 'ஜெய் பீம் காம்ரேட்' எடுக்க அவருக்கு 14 வருடம் ஆனது.

நண்பர்களோடு சேர்ந்து நானும் ஆவணப்படத் திரையிடல்கள் நடத்தியிருக்கிறேன். ஒருமுறை புரொஜெக்டரை மாட்டி, நாற்காலியெல்லாம் போட்டு முடித்த பிறகு மண்டபக்காரர் வந்து, "மேலிடத்திலிருந்து போன் வந்துச்சு, வேண்டாம் தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. வாசலில் நின்று, வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பலாம் என்று காத்திருந்தோம். திருப்பி அனுப்புகிற அளவுக்குக்கூட ஆள் வரவில்லை. வருவதாகப் பதிவில் கமெண்ட் போட்டவர்கள் எல்லாம் எங்கே போனீர்கள்? தடை செய்கிறவன் செய்துகொண்டுதான் இருப்பான். நீங்கள் ஏன் வரவில்லை?