செக்கு எண்ணெய் மீது பழி போடுகிறவர்களுக்கு

அமெரிக்கர்களின் நன்றி நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) நம் ஊரில் ஒரு வீட்டார் வைத்த விருந்தில், முழு வான்கோழியைக் கொதி எண்ணெயில் பொரிக்கும்போது தீப்பிடித்துக் கொட்டகை எரிந்த காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அதை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு டீக்கடையிலிருந்து கல்யாண வீடு வரை ஓடிக்கொண்டிருக்கும் பேச்சுக்குத்தான் இந்தப் பதிவு. "செக்கில் வாங்கிய கடலை எண்ணெயில் ஏதோ கலந்திருக்கிறது, அதனால்தான் சீக்கிரமே புகைந்து, பொங்கித் தீப்பிடித்தது" என்கிறார்கள். அந்தச் செக்கு எங்களுடையது. அப்பா இரண்டு நாளாகக் கடைக்கு வராமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் எண்ணெயில் குறை இல்லை. ஆனால் அந்த வேலைக்கு அது ஏற்ற எண்ணெயும் இல்லை. இந்த இரண்டையும் விருந்துக்கு முன்பே, கடை வாசலில் வைத்தே சொன்னேன். முழு வான்கோழியைப் பொரிக்கக் கடலை எண்ணெய் ஒரு டின் வேண்டும் என்று அந்த வீட்டிலிருந்து வந்தபோது, "அண்ணே, இது வேண்டாம், ரீபைண்ட் கடலை எண்ணெய் வாங்குங்கள், இல்லையென்றால் தவிட்டு எண்ணெய் வாங்குங்கள்" என்றேன். "அமெரிக்காவில் கடலை எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள், உனக்கு என்ன தெரியும்" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் வேறோர் ஆள் வந்து வளைகாப்புக்கு என்று சொல்லி டின்னை வாங்கிப் போயிருக்கிறார். இப்போது கலப்படக்காரர்கள் நாங்கள்.

அமெரிக்காவில் கடலை எண்ணெயில் பொரிப்பது உண்மைதான். லூசியானா பக்கம் தொடங்கிப் பரவிய வழக்கம் அது. அங்கே ஊற்றுவது ரீபைண்ட் செய்த கடலை எண்ணெய். அது ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் வரை புகையாது. செக்கில் ஆட்டி அப்படியே எடுத்த எண்ணெய் 160 டிகிரியை ஒட்டியே புகைய ஆரம்பித்துவிடும். வான்கோழி பொரிய எண்ணெய் 175 முதல் 180 டிகிரியில் நிற்க வேண்டும். கிலோவுக்கு ஏழெட்டு நிமிடம் என்றால் ஆறு கிலோப் பறவைக்கு முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் செக்கு எண்ணெய் புகைந்துகொண்டே இருக்கும். அதில் இருக்கும் பசைப்பொருளும் கசடும் நுரை கட்டும், கருகும். எந்த மணத்துக்காகவும் நிறத்துக்காகவும் எங்களிடம் வருகிறீர்களோ, அவற்றோடு சேர்ந்து வருபவைதான் இந்தப் பசையும் கசடும். தாளிக்கவும் குழம்பு வைக்கவும் இட்லிப் பொடிக்கு ஊற்றவும் அதற்கு இணை கிடையாது. ஒரு டின்னையும் அண்டாவில் கவிழ்த்து முக்கால் மணி நேரம் காய்ச்ச அது பிறக்கவில்லை.

"உங்கள் பாட்டி செக்கு எண்ணெயில்தானே முறுக்கு சுட்டார்" என்று கேட்பீர்கள். ஆமாம், சுட்டார். இருப்புச்சட்டியில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, விறகை இழுத்தும் தள்ளியும், பொங்காமலிருக்க ஒரு புளி உருண்டையைப் போட்டுச் சுட்டார். எண்ணெயை முதலில் வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, அடிக்கசடு வராமல் மேலே இருப்பதை மட்டும் இறுத்துக்கொள்வார். புகை எழுந்தால் சட்டியை இறக்கிவிடுவார். சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்டால் அவருக்குப் பிடிக்காது, கவனம் சிதறும் என்பார். அந்த முறுக்கின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. அவரை இந்த வான்கோழிக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள்.

கலப்படம் என்கிறீர்களே, என்ன கலந்தோம்? பாமாயிலா? பாமாயில் செக்கு எண்ணெயைவிடச் சூடு தாங்கும். அதைக் கலந்திருந்தால் புகை இன்னும் தாமதமாகத்தான் வந்திருக்கும். சீக்கிரமே புகைந்தது என்று நீங்கள் குற்றமாகச் சொல்வதுதான் எங்கள் எண்ணெய்க்குச் சாட்சி.

தீ பிடித்ததற்குக் காரணம் வேறு. பறவையை உறைபெட்டியிலிருந்து எடுத்து அரைகுறையாக இளகவிட்டு இறக்கியிருக்கிறார்கள். ஐந்தாறு கிலோப் பறவை குளிர்பெட்டியில் முழுதாக இளக மூன்று நாள் ஆகும். வயிற்றுக்குள் ஐஸ் இருந்தால் அது கொதி எண்ணெயில் நீராவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். அண்டாவிலோ எண்ணெய் கழுத்து வரை. முன்கூட்டியே பறவையை வைத்து, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, பறவையை எடுத்தபின் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தால் அளவு தெரிந்திருக்கும். அப்புறம் அண்டாவையும் பறவையையும் ஈரம் போகத் துடைத்தால் முடிந்தது. அதைச் செய்யவில்லை. எண்ணெய் வழிந்து அடுப்புத் தீயில் விழுந்தது. ரீபைண்ட் எண்ணெயாக இருந்தாலும் அந்த நிலையில் எரிந்திருக்கும், இதையும் நானே சொல்கிறேன். செக்கு எண்ணெய் முன்கூட்டியே புகைந்து எச்சரித்தது. யாரும் கேட்கவில்லை.

இதில் எனக்கு ஆறாத கோபம் அந்தக் கீற்றுக் கொட்டகை மேல். அமெரிக்கர்களின் நன்றி நாள் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை. இங்கே அது வடகிழக்குப் பருவமழைக் காலம். சம்பா வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் நேரத்தில், கொதி எண்ணெயில் மழை விழக்கூடாதென்று அடுப்பை மாட்டுக்கொட்டகைக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். வைக்கோல் போர் பக்கத்திலேயே. தீ எழுந்ததும் ஒருவர் குடத்துத் தண்ணீரை ஊற்றினார், காணொளியில் தெரிகிறது. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ ஆள் உயரத்துக்கு எழும். கேஸை மூடி, அண்டாவை இரும்பு மூடியால் மூடவேண்டும். சமையலுக்கு வந்த மாஸ்டர் வெட்டவெளியில் வைக்கலாம், மழை விடட்டும் என்று சொன்னாராம். அவர் பேச்சையும் யாரும் கேட்கவில்லை.

"நீ ரீபைண்ட் கம்பெனிக்குப் பேசுகிறாய்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஊரே இருளில் கிடந்தபோது, செக்கு மேலிருந்த ஓடுகள் பறந்து நாங்களே நனைந்துகொண்டிருந்தோம். விளக்குக்கும் சமையலுக்கும் வந்தவர்களுக்கெல்லாம் அப்பா எண்ணெய் அளந்து கொடுத்தார், கணக்கு எழுதவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாடு, திருவோணம் பக்கத்துக் கடலையைத் தவிர வேறு வாங்கமாட்டேன் என்று நஷ்டத்திலும் நிற்பவர் அவர். இன்று அவரைக் கலப்படக்காரர் என்பவர்களில் பலர் அன்று அந்த எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்டவர்கள்.

இத்தனை பேச்சில் ஒருவர்கூடக் கேட்காதது, அண்டாவில் பறவையை இறக்கிய அந்தத் தம்பியைப் பற்றி. நாள் கூலிக்கு வந்தவன். கம்பியில் மாட்டி இறக்கு என்றார்கள், இறக்கினான். முழங்கை வரை வெந்திருக்கிறது. கதிர் அறுப்பு நெருங்குகிறது, அவனால் அரிவாள் பிடிக்க முடியாது. என் எண்ணெயைச் சோதனைக்கு அனுப்புங்கள், நானே பாட்டிலில் ஊற்றித் தருகிறேன். அதற்கு முன்னால் அவன் மருத்துவச் செலவையும் கை ஆறும்வரை அவன் வீட்டுக் கூலியையும் யார் கொடுக்கிறார்கள் என்று அந்த வீட்டார் சொல்லட்டும்.