கிருபையின்றி விசுவாசமா? அர்மீனியஸ் வழியினர் அப்படிச் சொல்லவில்லை

"கடவுளின் கிருபை இல்லாமலே மனிதன் சுயசித்தத்தால் விசுவாசிக்கலாம் என்பதுதான் டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் கொள்கை" என்று சிலர் சொல்வது தவறு, சகோதரரே. அந்தப் போதனை பழங்காலத் துறவி பெலேஜியஸுடையது. அவருடைய போதனையை 418இலேயே கார்த்தேஜ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் தள்ளிவிட்டது. அர்மீனியஸ் 1609இல் இறந்தார். அடுத்த ஆண்டு (1610) அவர் வழியினர் தங்கள் கொள்கையை விளக்கிக் கொடுத்த ஆவணத்தின் ஐந்து பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். மூன்றாவது, இரட்சிக்கும் விசுவாசம் மனிதனின் சுயசித்த பலத்தால் வராது, ஆவிக்குரிய மறுபிறப்பு வேண்டும் என்கிறது. எதிர்த்தரப்பான கால்வினியரும் (சீர்திருத்தவாதி கால்வின் வழியினர்) இதையேதான் சொல்கிறார்கள்! இந்த விஷயத்தில் மோதல் நான்காவதில்தான்: நன்மை எல்லாவற்றுக்கும் தொடக்கமும் முடிவும் கிருபையே, ஆனாலும் மனிதனால் அதை எதிர்த்து நிற்க முடியும் என்கிறது அது (கால்வினியர் மறுப்பது இதைத்தான்); அது காட்டும் ஆதாரம் பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 7ஆம் அதிகாரம். மூன்றாவதைத் தனியாகப் படித்தால் குறை சொல்ல இடமில்லை என்பதால், கால்வினியரின் டார்ட் சங்கம் (நெதர்லாந்து, 1618–19) மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்தே பதில் எழுதியது. இரட்சிப்பை இழக்கலாமா என்பதை 1610இன் ஐந்தாவது பிரிவு முடிவு செய்யவே இல்லை; அதையும் அந்த ஆவணத்தின் தலையில் கட்டாதீர்கள்.