அம்மாவுக்கு ஒரு காதில் மட்டும் கேட்ட கச்சேரி

போன வருடம் அம்மா முதல்முறையாகத் தனியாக அமெரிக்கா போனார், தங்கையின் பிரசவத்துக்கு. சென்னையிலிருந்து வளைகுடா வரை நாலு மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் காத்துக்கிடந்து, அப்புறம் ஒரே மூச்சில் பதினாலு மணி நேரம். ஊறுகாய் பாட்டிலுக்கு மூன்று கவர் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட கவனத்தில் பாதியை அம்மாவின் காதுக்குக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. புதுசாக ஒரு நல்ல இயர்போன் வாங்கிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

போய் இறங்கி வீடியோ காலில் வந்ததும் பேரனைப் பற்றிகூடச் சொல்லவில்லை. "வலது காது அடைச்சுப் போச்சுடா, ஒண்ணுமே கேக்கல." எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஊது, எச்சில் முழுங்கு என்று தெரிந்ததை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அம்மா போனை வலது காதில் வைத்துத்தான் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார், எல்லாவற்றுக்கும் சரியாகப் பதிலும் சொல்கிறார். "இப்ப கேக்குதுடா. பிளேன்ல பாட்டு கேக்கும்போதுதான் கேக்கல. இடது காதுல பாட்டு வருது, மிருதங்கம் பக்கத்து ஊர்ல வாசிக்கிற மாதிரி இருந்துச்சு."

காதில் ஒன்றும் இல்லை, கோளாறு எல்லாம் சீட்டில். அந்த விமானத்தின் கைப்பிடியில் இயர்போன் மாட்ட ஒரு ஓட்டைக்குப் பதில் இரண்டு ஓட்டை. ஒன்றில் இடது பக்கச் சத்தம், இன்னொன்றில் வலது பக்கச் சத்தம். அவர்களே தரும் ஹெட்போனுக்கு இரண்டு பின் இருக்கும், அது சரியாகப் பொருந்திவிடும். நம் ஒற்றைப் பின் இயர்போனை ஏதாவது ஒரு ஓட்டையில் சொருகினால் பாதிக் கச்சேரிதான். அம்மா பதினாலு மணி நேரமும் பாதிக் கச்சேரி கேட்டுக்கொண்டு, தன் காதில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துகொண்டே போயிருக்கிறார். அந்தப் பணிப்பெண்ணிடம் கேட்டிருக்கலாமே என்றால், "என்னன்னு கேக்கறது?" என்கிறார். அதுவும் சரிதான். இடது காதில் கேட்கிறது, வலது காதில் கேட்கவில்லை என்பதை எந்தச் சைகையில் காட்டுவது.

இந்த இரண்டு பின் சமாச்சாரத்துக்குப் பல காரணம் சொல்வார்கள். ஒன்று உடைந்தாலும் இன்னொன்றில் கேட்குமாம். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் எதிலும் மாட்ட முடியாதாம். இரண்டாவது காரணத்தை நான் அப்படியே நம்புகிறேன். ஏனென்றால் இதற்கு முந்தைய சாதனம் இதைவிடக் கெட்டி. 1960களில் விமானத்தில் கொடுத்த ஹெட்போன் டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரியே இருக்கும், வெறும் பிளாஸ்டிக் குழாய். அதற்குள் கம்பியும் கிடையாது, கரண்டும் கிடையாது. ஸ்பீக்கர் சீட்டின் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும், சத்தம் குழாய்க் காற்று வழியாகக் காதுக்கு வரும். அதை யார் திருடி என்ன செய்வது? குழந்தைகள் விளையாடலாம், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. கைப்பிடியில் ஒரு திருகு, பத்துப் பன்னிரண்டு சேனல். அஞ்சாம் நம்பர் வைத்தால் இன்ன பாட்டு, ஏழாம் நம்பர் வைத்தால் இன்ன பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு திருகலாம். யுனைடெட் ஏர்லைன்ஸில் ஒன்பதாம் நம்பர் வைத்தால் விமானியும் தரைக் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்வதையே நேரடியாகக் கேட்கலாம். அதைக் கேட்பதற்காகவே டிக்கெட் போட்ட பைத்தியங்கள் உண்டு. (நானும் போட்டிருப்பேன்.)

இப்போது எல்லாம் திரை. முன் சீட்டின் முதுகில் பெரிய திரை, அதைத் தொட்டு, மொழி தேர்ந்தெடுத்து, சினிமா, டிவி, விளையாட்டு எல்லாவற்றையும் தாண்டி கடைசியில் ஒரு மூலையில் 'ஆடியோ'. அதற்குள் போனால் உலகப் பாட்டெல்லாம் இருக்கும். நான் போன விமானங்களில் 'இந்தியா' என்று ஒரு பெட்டி இருந்தது, அதில் இந்தி நாற்பது ஆல்பம் என்றால் தமிழ் நாலோ அஞ்சோ. சென்னையிலிருந்து ஏறியவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டிய அம்மா அப்பாக்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள். ஒருவருக்குக் கண்ணில் புரை எடுத்திருக்கும், இன்னொருவரின் கண்ணாடி மேலே வைத்த பையில் மாட்டிக்கொண்டிருக்கும். இவர்களுக்குத் திரை எதற்கு? வாழ்நாள் முழுக்க வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அடுப்படியில் ஒரு பக்கம் குழம்பு, ஒரு பக்கம் நாடகம் என்று இருந்தவர்கள். காதுக்கு ஏதாவது கொடுத்தால் பதினாலு மணி நேரம் ஓடிவிடும். நாலு கச்சேரி, பத்துச் சிறுகதை வாசிப்பு, ஒரு பட்டிமன்றம், கொஞ்சம் பழைய பாட்டு. சினிமா உரிமைக்குக் கொடுக்கும் காசில் இது ஒரு மூலைக்குக்கூட வராது என்பது என் எண்ணம்.

நடுநடுவே அறிவிப்பு வேறு. பாட்டு சட்டென்று நிற்கும், அரபியில் ஒரு நிமிடம், ஆங்கிலத்தில் ஒரு நிமிடம், மறுபடி பாட்டு. எஞ்சின் இரைச்சலுக்காக வால்யூமைக் கடைசி வரை ஏற்றி வைத்திருப்போம், அந்த அறிவிப்பு காதுக்குள் வெடி போட்ட மாதிரி வரும். புரியாத மொழியில் அதட்டுகிறார்கள் என்று அம்மா ஒவ்வொரு முறையும் சீட் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம்.

இந்த இரைச்சல் லேசுப்பட்டது இல்லை. பறக்கும்போது விமானத்துக்குள் ஏறத்தாழ 80-85 டெசிபல் இருக்கும். அதை அமுக்க பாட்டை இன்னும் சத்தமாக வைத்தால் இறங்கும்போது தலை கிண்ணென்று இருக்காமல் என்ன செய்யும். இதே எரிச்சல்தான் 1978இல் அமர் போஸுக்கும். வங்காளத்திலிருந்து வெள்ளைக்காரனுக்குத் தப்பி அமெரிக்கா போன ஒரு போராட்டக்காரரின் மகன், அங்கே எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஜூரிச்சிலிருந்து பாஸ்டன் போகிற விமானத்தில் அப்போதுதான் புதிதாக வந்திருந்த எலக்ட்ரானிக் ஹெட்போனைக் கொடுத்திருக்கிறார்கள். ஆசையாக மாட்டினால் எஞ்சின் சத்தத்தில் பாட்டே எடுபடவில்லை. நம்மைப் போலத் திட்டிவிட்டுத் தூங்காமல், அங்கேயே நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். வெளிச் சத்தத்தை ஒரு சின்ன மைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி விட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும், அதுதான் கணக்கு. விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வந்தது 1989இல், நம்மைப் போன்ற பயணிகளுக்கு 2000இல். எஞ்சின் மாதிரி ஒரே சீரான 'ம்ம்ம்' சத்தத்தை அது நன்றாகத் தின்னும். பின் சீட்டுக் குழந்தையின் அழுகையை அந்த அளவுக்குத் தின்னாது, அதற்கு எந்தப் பேராசிரியரும் இன்னும் முழுசாகக் கணக்குப் போட்டு முடிக்கவில்லை.

உள்நாட்டுக் கதை வேறு. சென்னை - மதுரை ஒரு மணி நேரத்தில் திரையும் கிடையாது, பாட்டும் கிடையாது. இண்டிகோ 2024 மே மாதம் டெல்லி - கோவா தடத்தில் செல்போன் ஆப் வழியாகப் படம், பாட்டு தரும் சோதனையைத் தொடங்கியது. மற்றபடி நம் போன்தான் நமக்கு. 2014இல் ஃப்ளைட் மோடில் போட்டுக்கொண்டு பறக்கும்போது முழுக்கப் பயன்படுத்தலாம் என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அனுமதி கொடுத்த நாளிலிருந்து அப்படித்தான். அது வசதிதான், ஆனால் இயர்போன் மாட்டாமல் ரீல்ஸ் ஓட்டுகிற ஆளுக்குப் பக்கத்தில் ஜன்னல் சீட்டில் மாட்டிப் பாருங்கள். டவுன் பஸ்ஸில் டிரைவர் போடும் பாட்டு எல்லோருக்கும் பொது, அது பிடிக்காவிட்டாலும் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த ஆள் பதினைந்து நொடிக்கு ஒரு பாட்டு மாற்றுகிறார். "அண்ணே, கொஞ்சம் சத்தம் குறைங்க" என்றால் குறைப்பார், இரண்டு நிமிடம்.

2021 டிசம்பரில் ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம் விமானங்களிலும் விமான நிலையங்களிலும் இந்திய இசையைப் போடச் சொல்லிக் கடிதம் எழுதியது நினைவிருக்கலாம். இசைக் கலைஞர்கள் கேட்டுக்கொண்டதால் வந்தது. வரவேற்கிறேன், ஆனால் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏறும்போது ஒரு புல்லாங்குழல், ஒரு சிதார், அதுவே திரும்பத் திரும்ப. ஒருமுறை கதவை மூடாமல் நாற்பது நிமிடம் உட்கார வைத்தார்கள், அந்த ஒரு துண்டு புல்லாங்குழலை இன்றைக்கும் என்னால் மனப்பாடமாகச் சீட்டி அடிக்க முடியும். மதுரைக்குப் போகிற விமானத்தில் ஒரு நாதஸ்வரம் போட்டால் குறைந்தா போய்விடும்?

அம்மா அடுத்த மாதம் மறுபடி போகிறார், பேரனுக்கு முதல் பிறந்தநாள். இந்த முறை விமானத்தை நம்பவில்லை. இரண்டு பின்னை ஒரு ஓட்டையாக மாற்றும் குட்டி அடாப்டர் ஒன்று வாங்கி, எங்கே சொருக வேண்டும் என்று அவர் கைப்பட இரண்டு முறை சொருகிக் காட்டச் சொன்னேன். போனில் நெட் இல்லாமலே ஓடும்படி கச்சேரி, நாடகம், கதை எல்லாம் இறக்கி, 'அம்மா' என்று ஒரே ஃபோல்டரில் போட்டு முதல் பக்கத்தில் வைத்தாயிற்று. வேறு ஏதாவது வேண்டுமா என்று நேற்று கேட்டேன்.

"காலைல அஞ்சு மணிக்குக் கேக்கற சுலோகத்தைப் போட்டுடு" என்றார். சரி என்று தேடிக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து மறுபடி குரல்.

"ஆமா, அது எந்த ஊர் அஞ்சு மணிக்குடா கேக்கணும்?"