ஆறு மாசம் ஆச்சே, போட்டாச்சா?

தடை தாண்டும் குதிரை வைத்திருக்கிறவர்கள் மூட்டு ஊசியை, அதாவது வலிக்கிற மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் வண்டிக்கு ஆயில் மாற்றுகிற பேச்சு மாதிரியே இருக்கும். "ஆறு மாசம் ஆச்சே, போட்டாச்சா?" நானும் அப்படிக் கேட்டவன்தான்.

போன வருடம் என் பெண் குதிரை கேண்டர் என்கிற மிதமான பாய்ச்சலில் முந்தும் காலை மாற்ற மறுத்தது. தடைக்கு முன்னால் அவசரப்பட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் ஹாக் என்றார்கள். அதாவது பின்னங்காலில் பின்புறமாகத் துருத்தி நிற்கும் மூட்டு, நம் கணுக்கால் மாதிரி. ஊசி போடச் சொல்லித்தான் மருத்துவரை வரவழைத்தேன். அவரோ முதலில் ஓட்டிப் பார்த்தார், கெட்டித் தரையில் வட்டமடிக்க விட்டார், ஒவ்வொரு காலாக ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து உடனே ஓடவிட்டார். கடைசியாக இடது முன் குளம்பின் பின்பக்கத்தை மரத்துப்போக வைத்தார். சில நிமிடங்களில் நொண்டல் காணோம்! குளம்பின் முனை நீண்டு குதி தாழ்ந்திருந்ததுதான் பிரச்சினை. லாடம் அடிப்பவர் அதைச் சரிசெய்ய மூன்று முறை லாடம் மாற்ற வேண்டியிருந்தது.

ஹாக்கில் ஸ்டீராய்டு போட்டிருந்தால்? மருந்து உடம்பிலும் கொஞ்சம் பரவும். சில நாள் தேறினமாதிரி தெரிந்திருக்கும், நானும் ஏமாந்திருப்பேன்.

நான் ஊசிக்கு எதிரி இல்லை. வலி இந்த மூட்டில்தான் என்று மரத்துப்போகும் ஊசியும் எக்ஸ்ரேயும் சேர்ந்து சொன்னால் தயங்காமல் போடலாம். ஹாக்கின் கீழ் மூட்டுகள் அதிகம் அசையாதவை, அங்கே தேய்மானத்துக்கு ஸ்டீராய்டு நன்றாகவே உதவும். முழங்கால் மாதிரி நிறைய மடங்கும் மூட்டில் எந்த ஸ்டீராய்டு, எத்தனை தடவை என்பதெல்லாம் யோசிக்க வேண்டிய விஷயம். மெதில்பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு திரும்பத் திரும்பப் போனால் குருத்தெலும்பு கெடும். இன்சுலின் கோளாறுள்ள குதிரைக்கு ஸ்டீராய்டால் குளம்பு அழற்சி வரலாம். ஊசிவழி மூட்டுக்குள் கிருமி புகுவது அபூர்வம், ஆனால் புகுந்தால் குதிரையே போய்விடலாம். போட்ட சில நாளில் மூட்டு வீங்கி, கால் ஊன்ற மறுத்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

என் கிழட்டு ஆண் குதிரைக்கு முதல் ஹாக் ஊசி கிட்டத்தட்ட ஒரு வருடம் தாங்கியது. அடுத்தது ஏழு மாதம். போன தடவை மூன்றே மாதம். நாலாவதைப் போடும் முன் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன், எக்ஸ்ரே உட்பட. "ஊசியே மலிவுய்யா" என்று லாயத்தில் ஒருத்தர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.