மறுபடியும் ஏழு கேள்விக்குறி

தட்டச்சு செய்தது 'வணக்கம்'. டேட்டாபேஸில் போய் உட்கார்ந்திருப்பது ஏழு கேள்விக்குறி. கேட்டது நானா, அதுவா?

போன வாரத்துக்கு இதுகூடப் பரவாயில்லை. தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர் என்று பக்கம் முழுக்க ஒரே கோலம். எழுத்துகளை பைட்டுகளாக்கிச் சேமிக்கும் முறைதான் யூடிஎஃப்-8. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் (எழுத்து, புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி) 3 பைட். அதை லத்தீன்-1, அதாவது எழுத்துக்கு ஒரே பைட் என்ற பழைய ஐரோப்பிய முறை என்று நினைத்துப் பிய்த்துப் படித்தால் வேறென்ன வரும்?

ஃபைல் யூடிஎஃப்-8. பக்கத்துக்குள் அதைச் சொல்லும் மெட்டா டேக்கும் யூடிஎஃப்-8. பக்கத்தோடு சர்வர் அனுப்பும் முன்குறிப்பான ஹெட்டர் மட்டும் வேறு கதை சொல்கிறது. பிரவுசரும் ஹெட்டரைத்தான் நம்புமாம். சரி, அதையும் திருத்தியாயிற்று. அப்புறம் பார்த்தால் டேட்டாபேஸ் இணைப்பு இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறது!

டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் இன்னொரு கூத்து. அதில் 'யூடிஎஃப்8' என்று தேர்ந்தெடுத்தால் 3 பைட்டோடு நின்றுவிடும். ஸ்மைலிக்கு 4 பைட் வேண்டுமே? அதற்கு 'யூடிஎஃப்8எம்பி4' ஆம். அப்படியானால் முதலாவதற்கு எதற்கு ஐயா அந்தப் பெயர்?

'மொழி'யின் நீளம் கேளுங்கள். வலைப்பக்க நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் ம, ொ, ழ, ி என்று எண்ணி 4 என்னும். பைட் கணக்கில் 12. இரண்டு எழுத்து என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லிவிடும். அதே 'மொ'வை ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்து யாராவது அடித்திருந்தால், கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு சொல்.

இத்தனைக்கும் நடுவில் ஒருவர் வந்து, "ஆங்கிலத்தில் சோதித்தோமே, நன்றாகத்தானே வருகிறது" என்பார். வராமல் என்ன செய்யும்? ஆங்கில எழுத்துகள் அடங்கிய ஆஸ்கி தொகுப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் லத்தீன்-1இலும் யூடிஎஃப்-8இலும் அதே ஒரு பைட்தானே!